அட்டைக்கு வெளியே ஒரு பிள்ளை

செம்பூர்
8 ஜூலை 2025, செவ்வாய்

மதினி,

கோயில் கொடைத் திருவிழா முடிகிறவரை என்னோடு நேரிலும் பேச மாட்டேன், போனிலும் பேச மாட்டேன் என்று இசக்கியம்மன் கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறீர்கள். சரியாக என்ன வார்த்தை சொன்னீர்கள் என்று அண்ணனைத் துருவித் துருவிக் கேட்டேன். கடிதாசி எழுதக் கூடாது என்று ஒரு வார்த்தையும் இல்லையாம். அதனால் எழுதுகிறேன். அம்மனுக்குக் கோபம் வந்தால் என்மேல் வரட்டும்.

விஷயம் பெரியது மதினி. ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாட்டுங்காவில் நாகலக்ஷ்மி மாமி என்று ஒருவர், கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து ஹாலில் வருஷா வருஷம் கைவேலைச் சந்தை நடத்துகிறவர். நேற்று எங்கள் கூரியர் ஆபீசுக்கு பார்சல் போட வந்தார். கவுன்டரில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நோட்டைக் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினார். போன வருஷம் நீங்கள் தைத்துக் கொடுத்த அந்தப் பச்சை நோட்டுதான். மேசைமேல் விரித்து வைத்து, இந்தப் பக்கம் தட்டினார், அந்தப் பக்கம் தட்டினார்.

"யார் தைச்சது இது? எந்தப் பக்கத்தத் திறந்தாலும் படிஞ்சு கிடக்கே."

எங்க மதினி என்றேன். சொல்லும்போது எனக்கே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஆகஸ்ட் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சந்தையில் நமக்கு ஒரு மேசை தருகிறாராம். இரண்டு நிபந்தனை. கடையில் கிடைக்காத மாதிரி ஒரு நோட்டு செய்து இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதிக்குள் காட்ட வேண்டும். இன்னொன்று, செய்தவர்களே வந்து மேசையில் உட்கார வேண்டும், ஆள் அனுப்பக் கூடாது. மேசைக்கு முன்னால் பேர்ப் பலகை அவர்களே அச்சடித்து வைப்பார்களாம். 'கனகவள்ளி – இசக்கிசெல்வி, கையால் தைத்த நோட்டுகள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் பேர்தான் முதலில். ரேஷன் கார்டையும் ஆதாரையும் தவிர உங்கள் பேரை வேறெங்கே அச்சில் பார்த்திருக்கிறீர்கள் மதினி?

நோட்டுக்கு அட்டையாக அம்மன் படத்தை வெட்டியது தப்புதான். தன் கடைக் காலண்டரில் போன் நம்பர் தப்பாக அச்சாகிவிட்டதென்று பிச்சை அண்ணாச்சி அத்தனை இசக்கியம்மன் படத்தையும் சும்மா தூக்கிக் கொடுத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முகம் முழுசாக இருக்கிறதா, சூலம் முழுசாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஷாகுல் ஹமீது பாய் பைண்டிங் பட்டறையில் கட்டிங் மிஷினுக்குக் கொடுத்தேன். அம்மன் இடுப்பிலிருந்த பிள்ளை அட்டைக்கு வெளியே போகும் என்று தோன்றவே இல்லை. உங்கள் முன்னால் பிரித்துக் காட்டும்போதுதான் எனக்கும் தெரிந்தது.

வாருங்கள் மதினி. என்னைத் திட்டவாவது வாருங்கள்.

செல்வி

*

தாராவி
10 ஜூலை

செல்விக்கு,

உன் கடிதாசி வந்தது. அதையே ஒரு குட்டி நோட்டாக மடித்து அனுப்பியிருக்கிறாய். நல்ல யோசனை. ஆனால் மூலைக்கு மூலை சேரவில்லை. மடித்ததும் கரண்டிக் காம்பால் அழுத்தித் தேய்க்க வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? ஸ்டேப்ளர் வேறு அடித்திருக்கிறாய். இந்த மழையில் பின் துருப்பிடித்து நாளைக்கே தாள் பழுப்பாகிவிடும். நூல் இல்லையா உன் வீட்டில்?

எழுதினால் சத்தியம் கெடாது என்று உங்கண்ணனும் சொல்கிறார். டிராம்பேக்கு வேலைக்குப் போகிற வழியில் செம்பூரில் இறங்கிக் கடிதாசியைக் கொடுத்துவிட்டு, உன் வீட்டிலும் ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று அவருக்கு ஆசை. அதனால் அவர் சொல்வதை நான் முழுசாக நம்பவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

என் பேரைப் பலகையிலிருந்து எடுத்துவிடு. நீயே செய், நீயே விற்றுக்கொள். முகம் இருக்கிறதா, சூலம் இருக்கிறதா என்று பார்த்தாயாம். கையில் பிள்ளையில்லாமல் அவள் என்ன இசக்கி? பிள்ளையை வெட்டிப் பழைய பேப்பர் ரத்தி மூட்டையில் போட்டுவிட்டு, 'மதினி, அட்டை சூப்பரா இருக்குல்ல' என்று சிரித்துக்கொண்டு நின்றாயே, அதுதான் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அந்த நூற்றுச் சில்லறை அட்டையையும் பரண்மேல் மஞ்சள் துணியில் கட்டி வைத்திருக்கிறேன். அதில் ஊசி இறக்க எனக்கு மனசு வராது.

இந்தக் கடிதாசியை மூன்று துளை போட்டுத் தைத்திருக்கிறேன். நடுத் துளையில் தொடங்கி நடுத் துளையிலேயே முடிச்சு. பார்த்துக் கற்றுக்கொள்.

கனகவள்ளி

மேசை எத்தனை அடி நீளம்?

*

செம்பூர்
12 ஜூலை

மதினி, மதினி,

மேசை ஆறடி! நீங்கள் கேட்டதை வாசித்ததும் அண்ணன் கையிலிருந்த டீயைத் தட்டிவிட்டேன். சட்டை நனைந்துபோய் அப்படியே வேலைக்குப் போனான், பாவம். ஆறடி நீளம், வெள்ளைத் துணி அவர்களே விரித்துத் தருவார்கள், ஆளுக்கொரு நாற்காலி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளையை நான் ரத்தி மூட்டையில் போடவில்லை. நீங்கள் சத்தம் போட்ட வேகத்தில் எனக்குச் சொல்ல வழியே இல்லாமல் போய்விட்டது, மறுநாள் சத்தியமும் செய்துவிட்டீர்கள். மிஷின் வெட்டும்போது ஓரத்துத் துண்டுகள் கீழே விழுமில்லையா, ஷாகுல் ஹமீது பாய் அதை விழவிடவில்லை. மடியில் லுங்கியை விரித்துப் பிடித்துக்கொண்டார். வாடகைக்கு மிஷின் ஓட்டுகிற மனுஷன், ஒவ்வொரு வெட்டுக்கும் அப்படிப் பிடித்தார். கடைசியில் பேப்பரில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"சாமி படம்மா. கால்ல படப்படாது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

எங்கள் வீட்டில் சாமி செல்ஃபில்தான் அந்தக் கட்டு இருக்கிறது. என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி ராஜபாண்டி தினமும் காலையில் அதற்கும் சேர்த்து ஊதுபத்தி காட்டுகிறார். என்ன ஏதென்று அவருக்குத் தெரியாது, செல்ஃபில் இருப்பதால் காட்டுகிறார். இன்று சாயங்காலம் திரும்பும்போது அண்ணன் பையில் அந்தக் கட்டை வைத்து அனுப்புகிறேன். ஒரு துண்டுகூடக் குறையாது, எண்ணிப் பாருங்கள்.

நானே தைத்துப் பார்த்தேன். அசிங்கமாக வந்தது. மூன்று துளை போட்டதில் ஒன்று முதுகைவிட்டு எங்கோ போய்விட்டது. நூலை இழுத்தேன், தாள் கிழிந்தது. பசை மூன்று நாளாகக் காயவில்லை, வீடெல்லாம் புளித்த மைதா வாடை. என்னால் வெட்ட முடியும், மடிக்க முடியும், நாலு பேரிடம் வாயாடி விற்க முடியும். தைக்க வராது மதினி. நீங்கள் இல்லாமல் அந்த மேசை எனக்கு வேண்டாம். இருபத்தைந்தாம் தேதிக்குள் சாம்பிள் இல்லையென்றால் மாமி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

செல்வி

*

தாராவி
15 ஜூலை

செல்வி,

கட்டு வந்தது. பிரித்துத் தரையில் வெள்ளைச் சேலையை விரித்து வரிசையாக அடுக்கினேன். ஒவ்வொரு துண்டிலும் அதே பிள்ளை. அம்மன் விரல் நுனிகூட அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சமையலைப் போட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். உங்கண்ணன் வேலையிலிருந்து வந்து பார்த்தார், கடைக்குப் போய் பரோட்டா வாங்கிக்கொண்டு வந்தார்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நீதான். ஏழு மாசம் வயிற்றில் இருந்தது. ஒரு தடவை முகத்தைக் காட்டிவிட்டுத் துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். ஆறு வருஷமாகிறது. அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று நானே சொன்னேன், நீங்கள் எல்லாரும் அப்படியே இருந்துவிட்டீர்கள். அன்றைக்கு நீ அட்டையைப் பிரித்துக் காட்டினாய். பிள்ளை இருந்த இடத்தில் வெட்டு நேராக, சுத்தமாக, பிசிறில்லாமல் இருந்தது. எனக்கு அந்த ஆஸ்பத்திரித் துணிதான் கண்ணில் வந்தது. உன்மேல் கோபப்பட்டேனா, வேறு யார்மேலாவது கோபப்பட்டேனா எனக்குத் தெரியவில்லை. கையில் கிடைத்தது நீ.

சத்தியம் செய்தது செய்ததுதான். அதை மாற்ற முடியாது. ஆனால் உன்மேல் இருந்த கோபம் இந்தக் கட்டைப் பிரித்ததும் பாதி போய்விட்டது.

மீதிப் பாதிக்கு, அந்தத் துண்டுகளை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒட்டிவிடலாம் என்று உங்கண்ணன் சொன்னார். பின்னால் தாள் கொடுத்து ஒட்டிப் பார்த்தேன். அட்டை நோட்டைவிட அகலமாகிவிட்டது, ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மடங்கி முறியும். உபயோகமில்லை.

பாய்க்கு என் சலாம் சொல்லு.

மதினி

*

செம்பூர்
16 ஜூலை

மதினி,

ஆபீசில் பாத்ரூமில் போய் நின்றுகொண்டு வாசித்தேன். வெளியில் ஆட்கள் கதவைத் தட்டத் தட்ட வாசித்தேன்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கே அந்தப் படத்தைப் பார்த்ததும் உறைக்கவில்லை என்றால் என்னை என்ன சொல்ல? நோட்டு கையடக்கமாக வர வேண்டும், அழகாக வர வேண்டும், அது ஒன்றுதான் தலையில் இருந்தது. அந்த நாளைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று எத்தனையோ தடவை வாய்வரைக்கும் வந்திருக்கிறது. நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள் என்று பயந்து விட்டுவிட்டேன். நானும் முகத்தைப் பார்த்தேன் மதினி. நீங்கள் பார்க்கும்போது பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன். உங்கள் மாதிரியே நெற்றி. இதைச் சொல்ல ஆறு வருஷமாகிவிட்டது.

சந்தை வேண்டாம் என்று மாமியிடம் சொல்லிவிடட்டுமா? நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதுதான்.

செல்வி

*

தாராவி
21 ஜூலை

ஏட்டி செல்வி,

மாமியிடம் எதையாவது உளறித் தொலைக்காதே. கிடைத்துவிட்டது!

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஷாகுல் ஹமீது பாய் பட்டறைக்கு நானே போனேன். துண்டுகளைப் பத்திரமாகக் கொடுத்ததற்கு நேரில் ஒரு வார்த்தை சொல்லத்தான் போனேன். அவர் ஒரு பழைய கிதாபுக்கு முதுகுத்துணி மாற்றிக்கொண்டிருந்தார், மதரசாவில் ஓதுகிற புத்தகமாம். அதன் பின்னட்டையிலிருந்து ஒரு மடல் நீட்டிக்கொண்டு வந்து, பக்கங்களின் ஓரத்தைச் சுற்றி, முன்னட்டைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. இது என்ன பாய் என்றேன். பழைய கிதாபு எல்லாம் இப்படித்தான், பக்கத்துக்குத் தூசி போகாது, ஓதி நிறுத்தின இடத்திலயும் செருகிக்கலாம் என்றார். எனக்கு அதற்குமேல் அங்கே நிற்கப் பொறுக்கவில்லை. நன்றி சொல்லப் போனதையே மறந்துவிட்டு ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். மழையில் குடையைக்கூட விரிக்கவில்லை.

புரிகிறதா உனக்கு? பிள்ளையை அட்டையோடு ஒட்ட வேண்டாம். துணி கொடுத்துக் கீல் மாதிரி அட்டையின் ஓரத்தில் தொங்கவிட வேண்டும். நோட்டை மூடும்போது பிள்ளை உள்ளே மடங்கி, எழுதி நிறுத்திய பக்கத்தில் போய் இருந்துகொள்ளும். அடுத்த நாள் எடுத்து விரித்தால் நேரே அம்மன் கைக்குப் போய்விடும். எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை. பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கேதான் விட்டிருக்கிறோம்.

ஒன்று செய்து பார்த்துவிட்டேன். காலையில் உங்கண்ணனை எழுப்பி விரித்துக் காட்டினேன். பல்கூடத் தேய்க்காமல் அவர் அதை விரிக்கிறதும் மடக்குகிறதுமாக இருந்தார். பஸ்ஸை விட்டுவிட்டார்.

ஒரு குறை இருக்கிறது. முதல் நாலு பக்கம்வரை நன்றாகச் செருகுகிறது. அதற்கு மேல் போனால் மடல் எட்டவில்லை, இழுக்கிறது. துணியில் இடம்விட்டால் எட்டும். ஆனால் இடம்விட்டால் விரிக்கும்போது பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவில் வெள்ளையாக ஒரு சந்து தெரிகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்துவிட்டு நடுவில் சந்து விடுவதா? இரண்டு மாதிரியும் செய்து அனுப்புகிறேன், பார்த்துச் சொல். சீக்கிரம்.

மதினி

*

செம்பூர்
23 ஜூலை

மதினி,

கவுன்டரில் கூட்டம் நிற்கிறது, நான் நோட்டை விரித்து மடக்கி விரித்து மடக்கி விளையாடிக்கொண்டிருக்கிறேன். ஏதோ கேட்க வந்த மேனேஜரும் வாங்கி ஒரு தடவை விரித்தார்.

சந்துக்கு வழி கிடைத்துவிட்டது. வெள்ளைக் காலிகோ துணி வேண்டாம், சிவப்பு போடுங்கள்! அம்மன் சேலை என்ன நிறம்? சிவப்பு. சந்து இருக்கட்டும், நோட்டின் கனத்துக்குத் தாராளமாக விடுங்கள். விரித்தால் சேலை முந்தானை பிள்ளைமேல் சுற்றியிருக்கிற மாதிரிதான் தெரியும். எங்கள் வீட்டில் இருந்த சிவப்பு ரவிக்கைத் துணியில் வெட்டி வைத்துப் பார்த்தேன். ராஜபாண்டியிடம் காட்டி, எங்கே வெட்டியிருக்கிறது சொல்லுங்கள் பார்ப்போம் என்றேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, வெட்டவே இல்லையே என்றார். அவருக்குக் கண் கொஞ்சம் மட்டம்தான், இருந்தாலும் சொன்னது சொன்னதுதான்.

மதியம் ஆபீசில் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டு மாட்டுங்காவுக்கு ஓடினேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார். சாமி படம் போட்ட நோட்டில் யார் எழுதுவார்கள், பூஜை அறையில் வைத்துக் குங்குமம் அல்லவா வைப்பார்கள் என்று முதலில் இழுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மடலை மட்டும் விரித்துக் காட்டினேன். மாமி தானே ஒரு தடவை மடக்கி விரித்தார்.

"மேசை உங்களுக்குத்தான். அந்த மதினியை நான் பாக்கணும்."

பாக்கணுமாம்! வருவீர்களா? பலகை நாளைக்கு அச்சுக்குப் போகிறது. உங்கள் பேரை நான் எடுக்கவில்லை. எடுக்கச் சொன்னீர்கள், எடுக்கவில்லை. இப்போது சொல்லுங்கள், எடுக்கட்டுமா?

செல்வி

*

தாராவி
24 ஜூலை

செல்வி,

பேர் இருக்கட்டும். 'கனகவள்ளி'யில் புள்ளி சுழி எதையும் தின்றுவிடாமல் அச்சடிக்கச் சொல்லு.

சிவப்பு பிரமாதம். உனக்கு மூளை இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். என் கல்யாணத்துக்கு எடுத்த சேலையோடு வந்த சிவப்பு ரவிக்கைத் துணி தைக்காமலே பெட்டியில் கிடந்தது. எடுத்து வெட்டிவிட்டேன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

இனி வேலையைப் பங்கு போட்டுக்கொள்வோம். நீ தாளை மடித்து, அழுத்தித் தேய்த்து, பத்துப் பத்தாக உங்கண்ணன் பையில் அனுப்பு. நான் துளை போட்டுத் தைத்து, அட்டை கட்டி, மடல் வைக்கிறேன். பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் காய்ச்சு, பூச்சி அரிக்காது, புளிக்கவும் செய்யாது. மழை விடவில்லை. நான் நோட்டுகளை மெத்தைக்கு அடியில் வரிசையாக வைத்து மேலே படுத்துக்கொள்கிறேன், உங்கண்ணனுக்குத் தூக்கம் வரவில்லை. அவர் முதுகின் கனத்துக்கு நோட்டெல்லாம் தகடு மாதிரி வருகிறது.

கையில் குத்தூசி இரண்டு தடவை ஏறிவிட்டது. வலி தெரியவில்லை. நூலில் மெழுகு தேய்க்கத் தேய்க்கப் பாட்டு வருகிறது எனக்கு. பக்கத்து வீட்டு ஜெபசெல்வி எட்டிப் பார்த்து, அக்கா உங்களுக்கு என்ன ஆச்சு என்கிறாள்.

ஒன்று மட்டும் யோசித்தாயா? சந்தை ஆகஸ்ட் மூன்று. கொடை ஐந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை. அன்று மதியக் கொடை முடிந்தால்தான் என் சத்தியம் தீரும். அப்படியானால் நாள் முழுக்க ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நீயும் நானும் ஒரு வார்த்தை பேசாமல் இருக்க வேண்டும். உன்னால் முடியுமா? நீ தூக்கத்தில்கூடப் பேசுகிறவள்.

மதினி

*

செம்பூர்
31 ஜூலை

மதினி,

முடியும். ராஜபாண்டி முடியாது என்று பந்தயம் கட்டியிருக்கிறார், அதற்காகவே முடித்துக் காட்டுவேன்.

ஏற்பாடு இதுதான். மேசைக்கு நடுவில் ஒரு சாதா நோட்டு இருக்கும். உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதி என் பக்கம் தள்ளுங்கள். நான் எழுதி உங்கள் பக்கம் தள்ளுகிறேன். வருகிறவர்களிடம் நீங்களும் பேசலாம், நானும் பேசலாம். நமக்குள் மட்டும் பேச்சு கிடையாது. நீங்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு வர வேண்டாம், பக்கத்திலேயே இட்லி வாங்கிக்கொள்வோம், அன்றைக்காவது அடுப்பு பக்கம் போகாதீர்கள்.

நேற்று ஹாலுக்குப் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தேன். புள்ளி, சுழி எல்லாம் இருக்கிறது. மஞ்சளில் கறுப்பு எழுத்து. வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிறது. போட்டோ எடுத்தேன், அனுப்ப முடியாது, நீங்கள்தான் பிளாக் செய்துவிட்டீர்களே. வந்து கண்ணால் பாருங்கள்.

யாருமே வராமல் போனால்? மடலை யாரும் விரித்தே பார்க்காமல், சாமி படம் என்று கும்பிட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டால்? நாம் கூப்பிட்டு விளக்கக் கூடாது மதினி. அவர்களே விரிக்க வேண்டும். அது எனக்குப் பிடிவாதம்.

காலை எட்டு மணிக்கு வாசலில் நிற்பேன். பார்த்ததும் சிரிக்கலாமில்லையா? சிரிப்பு பேச்சில் சேராது என்று நினைக்கிறேன்.

செல்வி

*

தாராவி
4 ஆகஸ்ட் 2025, திங்கள்

செல்வி,

சிரிப்பு பேச்சில் சேராது. ஆனால் நேற்று நீ சிரித்த சிரிப்புக்கு ஹாலே திரும்பிப் பார்த்தது.

நாளைக்கு மதியம் கோயிலில் பார்க்கப் போகிறோம், அதற்குள் என்ன கடிதாசி என்று நினைப்பாய். நீ இட்லி வாங்கப் போயிருந்தபோது நடந்ததை உனக்குச் சொல்லவில்லை. நடு நோட்டில் எழுதித் தள்ளலாம் என்று இரண்டு தடவை பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் உங்கண்ணனிடமும் சொல்லவில்லை. முதலில் உனக்குத்தான்.

நீ போன கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்தாள். ஸ்ரீதேவி என்று பேர், வீடு சுனாபட்டியிலாம். தோளில் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையால்தான் நோட்டை எடுத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, நீ சொல்லக் கூடாது என்றாயே. பக்கத்தைப் புரட்டினாள், மடல் உள்ளே இருந்தது கையில் தட்டுப்பட்டது. என்னவென்று இழுத்து விரித்தாள். திரும்ப மடக்கினாள், திரும்ப விரித்தாள். தோளில் இருந்த பிள்ளை முழித்துக்கொண்டது, அதற்கும் விரித்துக் காட்டினாள்.

தமிழ் அவ்வளவாக எழுத வராதாம், இந்தியிலேயே எழுதுவாளாம். பிள்ளை இப்போதுதான் ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுகிறதாம், அப்பாவை 'அப்பி' என்கிறதாம், ரயிலைப் பார்த்தால் 'கூ' என்கிறதாம். நாள் போனால் எல்லாம் மறந்துவிடுகிறதே, இதில் எழுதி வைக்கப் போகிறேன் என்றாள். நாம் யாருக்காகச் செய்தோம் என்று நமக்கே தெரியாமல் செய்திருக்கிறோம், அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் போய்ச் சொல்லித்தான் அத்தனை தாய்மார்களும் நம் மேசைக்கு வந்தார்கள். நீ இட்லியோடு திரும்பி வந்து, கூட்டத்துக்குள் நுழைய முடியாமல் அந்தப் பக்கம் நின்று குதித்தாயே, அதன் காரணம் இதுதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகப் போனவள் திரும்பி நின்று கேட்டாள்.

"ஆன்ட்டி, உங்க பேபிக்கும் ஒண்ணு எடுத்து வச்சீங்கல்ல?"

வழக்கமாக யார் கேட்டாலும் எனக்குப் பிள்ளை இல்லை என்றுதான் சொல்லுவேன். ஆறு வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. நேற்று அந்த வார்த்தை வாயில் வரவில்லை. ஆமா என்றேன். ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் மேசைக்கு அடியில் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி இருந்தேன். பொய் சொல்லக் கூடாதில்லையா, அதனால் ஒரு நோட்டை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். கடைசியில் ஒன்று குறைகிறதே என்று நீ கீழே மேலே தேடினாயே, அது என்னிடம்தான் இருக்கிறது.

காலையிலிருந்து அதை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முதல் பக்கத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்கு ஒரு பேர் வைத்திருந்தேன் செல்வி. உங்கண்ணனுக்குக்கூடத் தெரியாது. பிறந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்தப் பேரை இன்றுவரை வாய்விட்டு ஒரு தடவையும் சொன்னதில்லை. இந்த நோட்டில் எழுதலாம் என்று பார்த்தேன். முதலில் யாராவது காதால் கேட்க வேண்டும், பிறகுதான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

நாளைக்கு மதியக் கொடை முடிந்து, பூசாரி திருநீறு போட்டதும் என் பக்கத்தில் வந்து நில். மேளச் சத்தம் அதிகமாக இருக்கும், காதைக் கிட்டக் கொண்டு வா. உன்னிடம் நான் பேசுகிற முதல் வார்த்தை அந்தப் பேர்தான்.

மதினி